பட்டரவாக்கம் வரைக்கும் ஒரே மூச்சு

“...அதான் லேட்டு. மொதல் மாடில ஒரு ஊட்டு வாசல்ல செடி வச்சிகிறாங்க பாரு, அதைப் பார்த்துகினே நின்னுட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே ஃபிலோமினா அக்கா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்தச் செடியை எனக்குத் தெரியும். பழைய பெயிண்ட் டப்பாவில் நட்ட மணி பிளான்ட். ஆறு இலை. ஆறிலும் மெட்ரோ வேலைத் தூசி. பாரிவாக்கத்துக்குக் குடிவந்த நாளாக அதைத் தாண்டித்தான் ஏறி இறங்குகிறேன். நின்று பார்க்கும்படி அது ஒருநாளும் இருந்ததில்லை. அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வருவதைப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டுத்தான் நான் அடுப்பில் பாலை வைத்தேன். பால் பொங்கி, காபி கலந்து, நுரை வர ஆற்றி, மேலே ஆடை படியத் தொடங்கிய பிறகுதான் காலிங் பெல் அடித்தது. இரண்டு மாடி ஏற அவ்வளவு நேரம்.

ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். காபியை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. கைப்பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். அதிலிருந்து பவுடர் வாசனை வந்தது.

பவுடர் வாசனை என்றால் சிலருக்குக் கல்யாண மண்டபம் ஞாபகம் வரும், சிலருக்குக் கைக்குழந்தை. எனக்கு மூச்சுதான் ஞாபகம் வரும். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. வீடு திருநின்றவூரில். மூடியில் கண்ணாடி பதித்த பெரிய வட்டமான ரோஸ் கலர் பவுடர் டப்பா ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதில் பவுடர் கிடையாது, வாசனை மட்டும்தான் மிச்சம். உள்ளே இருந்தது நீல நிற பம்ப். இன்ஹேலர் என்று டாக்டர் சொல்வார், நாங்கள் பம்ப் என்றுதான் சொல்வோம். வீசிங் வந்தால் டப்பாவை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போவேன். இரண்டு தடவை அடித்து இழுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்புவேன். மணிக்கொரு தரம் பவுடர் போடப் போகிறாள் என்று கம்பெனியில் எனக்கு மினுக்கி என்று பேர். எங்கள் அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. “மினுக்கின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நெஞ்சு நோவுக்காரின்னு தெரிஞ்சா பொண்ணு பாக்க எவன்டி வாசப்படி மிதிப்பான்?” என்பாள்.

கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில், இறங்குகிற ஸ்டேஷன் பட்டரவாக்கம். வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகள் தைக்கிற இடம். எனக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் பார்த்து, தொங்குகிற நூலையெல்லாம் குட்டிக் கத்தரியால் நறுக்க வேண்டும். புதுத்துணிக்கு ஒரு வாசனை உண்டு, கஞ்சியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. அது எனக்குப் பிடிக்கும். என் நெஞ்சுக்குத்தான் பிடிக்காது. நாள் முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் விழுகிற நேரத்தில் அந்தப் பஞ்சு மெதுவாக இறங்குவதைப் பார்த்தால் அவ்வளவு அழகு, ஏதோ பனி கொட்டுகிற ஊரில் வேலை செய்கிற மாதிரி இருக்கும். சாயங்காலம் வெளியே வரும்போது எல்லார் புருவமும் வெளுத்திருக்கும். இப்போதும் சில நாள் கண்ணாடி முன்னால் நின்று புருவத்தைத் துடைக்கக் கை போகிறது. அப்புறம்தான் தெரிகிறது, அது பஞ்சு இல்லை என்று.

மூச்சு வாங்குவதை மறைப்பதில் நான் கெட்டிக்காரி. ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் செருப்பு வாரைச் சரிசெய்வேன். என் செருப்பில் வாரே கிடையாது என்பதை யாரும் கவனித்ததில்லை. சுவரில் போஸ்டர் இருந்தால் நின்று படிப்பேன். ஒன்றும் இல்லாவிட்டால் கூட வருகிறவளிடம், “இந்தப் புடவை எங்க எடுத்த?” என்று கேட்டுவிடுவேன். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஏழெட்டு மூச்சு கிடைத்துவிடும். புடவையைப் பற்றிக் கேட்டால் ஏழெட்டு என்ன, இருபதுகூடக் கிடைக்கும்.

ஆனால் ரயிலில் என்னால் மறைக்க முடியவில்லை. உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

காலை லோக்கலில் லேடீஸ் பெட்டி. நான் திருநின்றவூரில் ஏறி ஜன்னலோரம் மூன்று இடம் பிடிப்பேன். அடுத்த ஸ்டேஷன் நெமிலிச்சேரியில் காஞ்சனா ஏறுவாள். அவர்கள் வீட்டில் நிலம் இருந்தது, அப்பாவுக்குக் கனகாம்பரத் தோட்டம். கூடை நிறையப் பூவோடு வந்து, பட்டரவாக்கம் வருவதற்குள் தொடுத்து முடித்துப் பெட்டியிலேயே விற்றுவிட்டு, பேட்டரி கம்பெனி வேலைக்குப் போவாள். அதற்கடுத்த பட்டாபிராமில் ஃபிலோமினா அக்கா. எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனில் அவள் சமையல். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவள், கழுத்தில் ஜெபமாலை, வாயில் எப்போதும் ஒரு வார்த்தை தயாராக இருக்கும். ஆட்கள் சொல்கிற சொல்லை எடுத்து வைத்துக்கொள்கிற வியாதி எனக்கு அவளிடமிருந்துதான் ஒட்டியது. ஒருநாள் மாட்டிறைச்சிக் குழம்பு மணக்க மணக்க டப்பாவைத் திறந்து, “வாசனைக்குக் காசு கேக்க மாட்டேன், சும்மா இழுத்துக்க,” என்றாள். அந்தச் சொல்லை இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாசனை போய்விட்டது, சொல் இருக்கிறது.

என் நெஞ்சுச் சத்தத்தை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். “இன்னாடி, ரயிலு வுள்ள குருவி கத்துது?” என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் என் மேல் காதை வைத்தாள். “இங்க கீது,” என்றாள். அன்றிலிருந்து எனக்குப் பேர் குருவி. அம்மா வைத்த பேரை அந்தப் பெட்டியில் யாரும் கேட்டதுகூட இல்லை.

“யார் கிட்டயும் சொல்லாதக்கா,” என்றேன்.

“நான் ஏன் சொல்றேன்? உன் குருவி தானே எல்லார் கிட்டயும் சொல்லினு கீது,” என்றாள்.

இந்த இடத்தில்தான் எங்கள் விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பித்தது காஞ்சனா. பெட்டியில் புதிதாக ஏறின ஒரு அம்மா எந்தெந்த ஸ்டேஷன் வரும் என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கி நடுவில் மூச்சு வாங்கி நின்றேன். உடனே காஞ்சனா, “பட்டரவாக்கம் வரைக்கும் ஒரே மூச்சுல சொல்லிட்டா ஒரு மொழம் பூ,” என்றாள். அப்படிப் பிடித்துக்கொண்டது. தினமும் அக்கா ஏறி உட்கார்ந்ததும் பரீட்சை. திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து காலேஜ், ஆவடி, அன்னனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம். ஒன்பது பேர். நல்ல நாளில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துப் பூ வாங்கி வைத்துக்கொள்வேன். சுமாரான நாளில் ஆவடியோடு நிற்பேன். “இன்னிக்கு வண்டி ஆவடி வரைக்கும்தான்,” என்று காஞ்சனா அறிவிப்பாள், பெட்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன், சிரிக்கிற சாக்கில் இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு.

அப்புறம் ஒரு திருட்டுத்தனம் கண்டுபிடித்தேன். அன்னனூர் வரும்போது பேர் மறந்துபோன மாதிரி நடிப்பது. “அடுத்தது... என்னது அது... நாக்கு நுனியில நிக்குது,” என்று நெற்றியைத் தேய்ப்பேன். அதற்குள் ஒரு மூச்சு உள்ளே போய்விடும். மிச்ச நாலு பேரையும் கடகடவென்று சொல்லிப் பூவை வாங்கிவிடுவேன். தினம் கடந்து போகிற ஸ்டேஷன் பேர் எப்படி மறக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாவம் அன்னனூர், அவ்வளவு தடவை மறக்கப்பட்ட ஸ்டேஷன் அந்த லைனிலேயே இருக்காது.

டாக்டர் எனக்கு இரண்டு பம்ப் எழுதிக்கொடுத்திருந்தார். நீலம், திணறும்போது அடிக்க. பிரவுன், திணறாவிட்டாலும் காலையும் ராத்திரியும் அடிக்க. நீலத்தின் மேல் எனக்கு உயிர், அடித்த ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு திறந்துவிடும். பிரவுன் அடித்தால் ஒன்றுமே ஆகாது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. உள்ளே புண்ணை ஆற்றுகிற வேலை என்று அவர் விளக்கியதை நான் காதில் வாங்கவில்லை. போதாததற்கு, தினமும் அடித்தால் பழக்கமாகிவிடும், அப்புறம் விடவே முடியாது என்று பக்கத்து வீட்டில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் பிரவுன் பம்ப் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், அட்டை பிரிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. நீலத்தை மாசத்துக்கு ஒன்று தீர்த்துக்கொண்டிருந்தேன். காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது அலம்பினால் தைரியம். சாமி கும்பிட மறந்தாலும் அதை ஆட்டிப் பார்க்க மறக்க மாட்டேன்.

பவுடர், பஞ்சு, பூ என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். புகைக்கு வர வேண்டும்.

அது போகி. ஷிப்மென்ட் அவசரம் என்று எங்களுக்கு லீவு கிடையாது. விடிவதற்கு முன்னாலேயே தெருத்தெருவாகப் பழைய பாய், டயர், பிளாஸ்டிக் குடம் என்று கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். பனியும் சேர்ந்துகொண்டது. எழுந்து உட்கார்ந்தே பாதி ராத்திரியைக் கழித்திருந்தேன், படுத்தால் மூச்சு வரவில்லை. காலைக்குள் நீல பம்ப்பை எத்தனை தடவை எடுத்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அது கொடுக்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் இரண்டு மணி நேரம், அப்புறம் ஒரு மணி, அப்புறம் தலை சீவி முடிக்கிற நேரம்கூட இல்லை. கிளம்பும்போது காதோரம் வைத்து ஆட்டினேன். சத்தமில்லை. அப்போதே அம்மாவை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலி பம்ப்பைப் பவுடர் டப்பாவில் வைத்து மூடி, பொட்டு வைத்துக்கொண்டு, ரயிலுக்குப் போனேன். பட்டரவாக்கத்தில் இறங்கினால் மெடிக்கல் ஷாப் இருக்கிறது, புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. என்னுடைய அறிவு அவ்வளவுதான்.

ரயிலில் குருவி பலமாகக் கத்தியது. பட்டாபிராமில் ஏறின அக்கா, “இன்னிக்குக் குருவிக்குக் கூட்டம் கூடிட்ச்சு போல,” என்றாள். வழக்கம்போல் பரீட்சை. “திருநின்றவூர்,” என்றேன். மூச்சு வாங்கினேன். “நெமிலி,” என்றேன். சேரி வரவில்லை.

“இன்னிக்கு வண்டி பணிமனைக்குப் போவுது, யாரும் ஏறாதீங்க,” என்றாள் காஞ்சனா. பெட்டி சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரிக்க மூச்சு வேண்டுமே.

பட்டாபிராம் தாண்டி வண்டி மெதுவாகப் போனது. சிக்னல் தெரியாத அளவுக்குப் புகை. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அது நடந்தது. விசில் தேய்ந்து தேய்ந்து நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் நிம்மதி. “அப்பாடா, குருவி தூங்கிட்ச்சு,” என்று காஞ்சனா என் தலையில் ஒரு துண்டுப் பூவை வைத்தாள். சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம், அதுதான் எங்கள் பெட்டியின் வைத்தியம். ஒரு வருஷமாக அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தோம், நான் உட்பட.

நிஜத்தைச் சொல்கிறேன், எனக்குப் பயமே இல்லை. ராத்திரி முழுக்க இருந்த பயம் எங்கோ இறங்கிப் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே புகை பால் மாதிரி தேங்கியிருந்தது. மரங்கள் கழுத்து வரை அதில் நின்றன. கம்பெனி ஜன்னல் வெயிலில் இறங்கும் பஞ்சு ஞாபகம் வந்தது. நானும் அப்படி ஒரு பஞ்சுதான், மெதுவாக இறங்குகிறேன், எங்கே விழுந்தாலும் வலிக்காது என்று தோன்றியது. தூக்கம் வந்தது. எத்தனையோ நாள் கழித்து வருகிற நல்ல தூக்கம். கண்ணை மூடினால் போதும்.

“யே குருவி, இது இன்னா ஸ்டேசன்?” என்று அக்காவின் குரல் தூரத்தில் கேட்டது.

இந்து காலேஜ். எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அக்கா என் முந்தானையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி பள்ளமாக உள்ளே போய் வந்ததாம். நகத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஊதா. “இவ தூங்கல,” என்றாள்.

“சத்தமே இல்லையேக்கா, சரியாயிட்டா,” என்றாள் காஞ்சனா.

“குக்கர்ல சத்தம் நின்னா நீ சரியாயிட்ச்சுன்னு பக்கத்துல போய் நிப்பியா? அடைச்சிகினு கீதுடி. ஆவடில எறக்கணும், பையை எடு.”

“அக்கா, இன்னும் நாலு ஸ்டேசன் தாண்டினா பட்டரவாக்கம். எஸ்டேட் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரில இவளை டாக்டருக்குத் தெரியும். கார்டு கூட அங்கதான் கீது.”

காஞ்சனா சொன்னது அறிவான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தெரிந்த இடம், தெரிந்த ஆள், இன்னும் கொஞ்ச நேரம். நம்மில் பாதிப் பேர் இந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஏமாறுகிறோம்.

வண்டி ஆவடிக்குள் நுழைந்தது. அக்கா என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து நிமிர்த்தினாள். நான் வரமாட்டேன் என்று தலையாட்டினேனாம். வேலைக்கு லேட்டானால் அரை நாள் போய்விடும் என்ற எண்ணம் அந்த நிலையிலும் போகவில்லை. அவள் என் காதில் சொன்னது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கத்தவில்லை, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்: “எறங்கு கண்ணு. இன்னிக்கு நம்ம ஸ்டேசன் இதான்.”

அதற்குப் பிறகு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பிளாட்பாரத்தில் கொட்டின கனகாம்பரம். ஆட்டோவில் என்னைப் படுக்க விடாமல் நேராக உட்கார வைத்து, முதுகில் கை கொடுத்துப் பிடித்திருந்த அக்கா. டிரைவரிடம், “அண்ணாத்தே, பெரிய ஆஸ்பத்திரி, சின்ன ஆஸ்பத்திரின்னு யோசிக்காத, கிட்ட எது கீதோ அங்க வுடு,” என்று அவள் சொன்னது. அப்புறம் முகத்தில் ஒரு மாஸ்க். அதிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. அன்று காலையிலிருந்து நான் இழுத்த புகையில் நல்ல புகை அது ஒன்றுதான். அந்த மாஸ்க்கின் வாசனை, புது மழைக்கோட்டின் வாசனை. இன்றைக்கும் கடையில் மழைக்கோட்டைப் பிரித்தால் எனக்கு ஆழமாக மூச்சு விடத் தோன்றும்.

கொஞ்ச நேரம் கழித்து விசில் திரும்ப வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு டாக்டரம்மா தலையாட்டினார். ஒல்லியான, மெல்லிய குரல்காரர். “இப்பதான் காத்து உள்ள போகுது,” என்றார். அக்காவுக்கும் காஞ்சனாவுக்கும் விளங்கவில்லை. அவர் விளக்கினார்: “சத்தம் நின்னதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சீங்களா? விசில் வரணும்னாலும் காத்து போய் வரணும்மா. காத்தே போகலைன்னா சத்தம் எங்கிருந்து வரும்? இன்னும் கொஞ்ச நேரம் தூங்க விட்டிருந்தா எழுந்திருக்க மாட்டா.”

அக்கா காஞ்சனாவைப் பார்த்தாள். “நான் சொல்லல? குக்கரு.”

அப்புறம் டாக்டரம்மா என்னிடம் வந்தார். பம்ப் பற்றிக் கேட்டார். மாஸ்க்கோடு பேச முடியாததால் விரலைக் காட்டிப் பதில் சொன்னேன். நீலம் மாசத்துக்கு ஒன்று. பிரவுன், சைபர். அது பீரோவில் இருக்கிறது என்று, நான் ரயிலில் எப்போதோ உளறியிருந்தது அக்காவின் வாய் வழியாகத் தெரிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா சொன்னாள்: “மழை பேஞ்சா நனைஞ்சிடும்னு குடையை ஊட்ல பத்திரமா வச்சிட்டு வர்ற ஆளு இவ, டாக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. “கேட்டுக்கோங்க, கூட வர்ற நீங்களும்தான்,” என்றார். “ஒரே மூச்சுல ஒரு முழு வரி பேச முடியலைன்னா, நீல பம்ப் அடிச்சும் நாலு மணி நேரம் தாங்கலைன்னா, அதுக்கப்புறம் எதுக்கும் காத்திருக்கக் கூடாது. கிளம்பி வந்துடணும். அவ வர மாட்டேன்னுதான் சொல்லுவா. கேக்காதீங்க.”

காஞ்சனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “நாங்க தெனம் பரீட்சை வச்சோம் டாக்டர். மார்க்குதான் பாக்கல.”

நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பொங்கல் அங்கேதான். பக்கத்து ஊர்ச் சர்ச்சில் வைத்த பொங்கலை அக்கா டப்பாவில் கொண்டுவந்தாள், சாமிக்கும் பூசாரிக்கும் இல்லாத பஞ்சாயத்து நமக்கு எதற்கு என்று அம்மாவும் ஒரு வாய் சாப்பிட்டாள். பீரோவிலிருந்து பிரவுன் பம்ப்பை அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், வண்டி பட்டாபிராம் தாண்டியதும் அக்கா கையை நீட்டினாள். “எடு.”

“எல்லாரும் பாக்குறாங்கக்கா.”

“பாக்கட்டும். பவுடர் போடுறப்போ பாக்கல?”

எடுத்தேன். ஐம்பது பொம்பளைகள் பார்க்க, பிரவுன் பம்ப்பை அடித்தேன். டாக்டரம்மா சொன்னபடி பாட்டில் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து ஜன்னல் வழியாகத் துப்பினேன், காற்று அதைப் பின் ஜன்னலுக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து வந்த வசவை இங்கே எழுத முடியாது. ஒன்றும் முழுகிப் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, “என் பையனுக்கும் இது கீதுக்கா, எந்த டாக்டரு?” என்று கேட்டாள். பெண் பார்க்க வந்தவரிடம் பம்ப்பைக் காட்டிச் சொன்னேன். அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, “எக்ஸ்பயரி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு,” என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

இரண்டு மூன்று மாசத்தில் குருவி அடங்கிவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே. ஒன்பது ஸ்டேஷனும் ஒரே மூச்சில் வந்தன, மேற்கொண்டு கொரட்டூர், வில்லிவாக்கமும் வந்தன. காஞ்சனா, “பூ கட்டுப்படியாகாது தாயே,” என்று விளையாட்டையே நிறுத்திவிட்டாள்.

எல்லாம் போய்விட்டது. எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் பார்சல் கிடங்கு வந்திருக்கிறது, வாசலில் இரண்டு சக்கர வண்டிகள் ஈ மாதிரி மொய்க்கின்றன. பஞ்சு இறங்கின அந்த ஜன்னலை அடைத்துவிட்டார்கள். கனகாம்பரத் தோட்டத்தை வீட்டுமனையாகப் போட்டார்கள். காஞ்சனா மகளோடு ஓசூருக்குப் போனவள், இரண்டு வருஷமாகப் போன் செய்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். ரோஸ் கலர் டப்பா எந்த வீடு மாற்றும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. இன்றைக்கும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் பிரவுன் பம்ப் உண்டு, ஆனால் என் நெஞ்சில் காதை வைத்தாலும் குருவி கேட்காது. அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், மடியில் காபி ஆறிப்போய்க்கொண்டிருக்கிறது.

“காபியைக் குடி அக்கா,” என்றேன்.

“சூடா கீது.” மூச்சு. “ஆறட்டும்.”

அது ஆறிக் கால் மணி நேரம் ஆகிறது. அக்காவின் கழுத்தைப் பார்த்தேன். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். இந்த வெயிலில்.

“ரொம்ப நாளாச்சுக்கா,” என்றேன். “பட்டரவாக்கம் வரைக்கும் சொல்லேன் பாக்கலாம்.”

“அட போடி. அறுபது வயசு நெருங்குது, இப்போ போய்...” நிறுத்திச் சிரித்தாள். “பூ குடுப்பியா?”

“ரெண்டு மொழம்.”

நிமிர்ந்து உட்கார்ந்தாள். “திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், இந்து காலேஜ், ஆவடி,” என்று வேகமாகத்தான் தொடங்கினாள். ஆவடி பாதிக் காற்றாக வந்தது. அப்புறம் நெற்றியைத் தேய்த்தாள். “அடுத்தது... இன்னாடி அது... நாக்கு நுனில நிக்குது பாரு.”

வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வேறு சத்தம் ஒன்றும் இல்லை. அக்காவின் நெஞ்சில் விசில்கூட இல்லை.

“அக்கா,” என்றேன், “அந்த மறதி என்னுது.”

அவள் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் ஆட்டோவுக்குப் போன் செய்துவிட்டு வந்து, அவள் முன்னால் கையை நீட்டினேன்.

“எறங்கு,” என்றேன். “இன்னிக்கு நம்ம ஸ்டேஷன் இதான்.”

மடியிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஜெபமாலை வைக்கிற சின்னத் தகர டப்பாவை வெளியே எடுத்தாள். ஜெபமாலை அவள் கழுத்தில் இருந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே நீல பம்ப். அதை எடுத்துக் காதோரம் வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், என் உள்ளங்கையில் வைத்தாள், நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து, வாசலுக்கு நடந்து, தன் செருப்பைக் காலால் துழாவினாள்.